போரில் மாண்டவரும் அவர்தம் பெயரும்

வரலாற்று நூலொன்றைத் திறந்து போர் பற்றிய அதிகாரத்தைப் படிப்போமாயின், அங்கு நாம் காண்பன பெரும்பாலும் இருவகைச் செய்திகளே. ஒன்று, படை நடத்திய மன்னர், தளபதியர் ஆகியோரின் பெயர். மற்றொன்று, மாண்ட போர்வீரரின் தொகை. வென்றவனுக்கும் பெயருண்டு, தோற்றவனுக்கும் பெயருண்டு. அவ்விருவர்க்காகவும் உயிர் கொடுத்தவனுக்கோ எண் மாத்திரமே உண்டு. பரீட்சைக்குப் படிக்கும் மாணவராகிய நாமும் அவ்வெண்ணை மனனஞ் செய்து, எழுதிப் புள்ளி பெற்று, அடுத்த அதிகாரத்துக்குச் சென்றுவிடுகிறோம். பதினாயிரம் பேர் மாண்டனர் என்று எழுதும்போது பதினாயிரம் தாய்மார் நம் நினைவுக்கு வருவதில்லை.

ஆயினும் மனித குலம் இந்த எண்ணோடு எக்காலத்தும் திருப்தியடைந்து விடவில்லை. மாண்டவன் யார்? அவன் பெயர் யாது? அவன் உடல் எங்கே? இக்கேள்விகளைத் தாயும் மனைவியும் பிள்ளையும் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் கேட்டே வந்துள்ளனர். வில்லும் வேலும் துப்பாக்கியாகவும் பீரங்கியாகவும் வளர்ந்த கதையை எழுதியோர் பலர். நாம் இங்கு ஆராயப் புகுவது வேறொரு கதை. சாதாரணப் போர்வீரனின் பெயர் எங்கெங்கே காக்கப்பட்டது, எங்கெங்கே இழக்கப்பட்டது, ஏன் இழக்கப்பட்டது என்பதே அக்கதை. ஒரு சமுதாயம் மனித உயிருக்கு எத்துணை மதிப்பளித்தது என்பதை அளந்தறிய இதனினும் சிறந்த அளவுகோல் உண்டென நாம் கருதவில்லை.

நமது இதிகாசத்திலிருந்தே தொடங்குவோம். மகாபாரதம் பதினெட்டு நாட் போரோடு முடிந்துவிடவில்லை. போர் ஓய்ந்தபின் குருக்ஷேத்திரத்துக்குப் பெண்கள் வருகிறார்கள். தந்தையையும் கணவனையும் மகனையும் பிணக்குவியலிடையே தேடிப் புலம்புகிறார்கள். ஸ்திரீ பருவம் என்று ஒரு முழுப் பருவமே இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. அப்பருவத்தில் வெற்றி பெற்ற தருமன் இடும் முதற் கட்டளைகளுள் ஒன்று கவனிக்கத்தக்கது. உற்றார் உறவினரின்றி மாண்டவரின் உடல்களும் கேட்பாரற்று அழிந்துபோகாவண்ணம் அவர்களுக்கும் ஈமக்கடன் செய்யுமாறு விதுரன், சஞ்சயன் முதலியோரை அவன் ஏவுகிறான். பின்னர் அனைவரும் கங்கைக் கரையில் நீர்க்கடன் இறுக்கும் வேளையில், குந்தி வாய் திறக்கிறாள். கர்ணன் தன் மூத்த மகன் என்றும், அவனுக்கும் நீர் வார்க்க வேண்டும் என்றும் சொல்கிறாள். பகைவர் பக்கம் நின்று மடிந்த ஒருவனின் உண்மையான பெயரும் பிறப்பும் வெளிப்படுவது போர்க்களத்திலன்று, தர்ப்பணம் செய்யும் நீர்த்துறையிலேயாம். இந்தக் காட்சியை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டிவரும்.

இதிகாசத்தை விட்டு வரலாற்றுக்கு வந்தால் நமக்கு முதலில் எதிர்ப்படுபவன் அசோகன். கி.மு. 261ஐ ஒட்டி அவன் கலிங்கத்தின்மீது போர் தொடுத்தான். தனது பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் அப்போரின் விளைவை அவனே கூறுகிறான். 150,000 பேர் சிறைகொண்டு செல்லப்பட்டனர். 100,000 பேர் கொல்லப்பட்டனர். அதனிலும் பன்மடங்கினர் மாண்டனர். வென்ற வேந்தன் ஒருவன் தன் வெற்றிக்கு இரங்கிக் கல்லில் எழுதி வைத்தது உலக வரலாற்றில் பெரிதும் போற்றத்தக்க செயலே. ஆயினும் இரண்டு செய்திகளை நாம் மறத்தலாகாது. அச்சாசனத்தில் கலிங்க வீரன் ஒருவனின் பெயரேனும் இல்லை. மேலும், கலிங்க நாட்டுக்குள் அமைந்த தௌலி, ஜௌகடம் என்னும் இடங்களிற் பொறிக்கப்பட்ட சாசனத் தொகுதிகளில் இந்தப் பதின்மூன்றாம் சாசனம் இடம்பெறவில்லை. மன்னனின் கழிவிரக்கத்தைப் பிற நாட்டார் கல்லிற் படித்தனர். பறிகொடுத்தவர் தம் மண்ணிற் படிக்கவில்லை.

இதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் முன்னர், கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரில் வேறொரு வழக்கம் இருந்தது. போரில் மாண்ட குடிகளின் எலும்புகளை அந்நகரத்தார் ஊருக்குக் கொண்டுவருவர். குலத்துக்கு ஒன்றாகப் பத்துப் பேழைகளில் அவற்றை இட்டு ஊர்வலமாக எடுத்துச் செல்வர். உடல் கிடைக்காதவருக்கென வெறும் பாடை ஒன்றும் அவ்வூர்வலத்தில் கூடவே செல்லும் என்று துசிடிடிசு என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். பின்னர் மாண்டவரின் பெயர்கள் குலவாரியாகக் கல்லிற் பொறிக்கப்படும். பாரிசு நகரின் லூவர் அரும்பொருட்சாலையில் அத்தகைய கல்லொன்று இன்றும் இருக்கிறது. கி.மு. 460ஐ ஒட்டிய ஒரே ஆண்டில் சைப்பிரசு, எகிப்து, பினீசியா முதலிய இடங்களில் எரெக்தெய்சு என்னும் ஒரே குலத்தவர் 170க்கு மேற்பட்டோர் மாண்டதை அது காட்டுகிறது. படைத்தலைவர் பெயரும் அதிலுண்டு. சாதாரண வீரர் பெயரும் அதிலுண்டு. எல்லாம் ஒரே வரிசையில் அமைந்தவை.

மாண்டவருக்குச் செய்யும் கடமையை ஏதென்ஸ் மக்கள் எத்துணைக் கடுமையாகக் கொண்டனர் என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. கி.மு. 406இல் ஆர்கினூசே என்னுமிடத்துக் கடற்போரில் அவர்கள் வென்றனர். ஆனால் உடைந்த கப்பல்களில் தத்தளித்தோரை மீட்கவும், மாண்டோரின் உடல்களை எடுக்கவும் தளபதிகள் தவறிவிட்டனர். இடையே புயல் வந்தது என்பது அவர்தம் வாதம். மக்கள் மன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. எட்டுத் தளபதிகளுக்கு மரணதண்டனை விதித்தது. ஊர் திரும்பியிருந்த அறுவர் கொல்லப்பட்டனர். வென்ற தளபதிகளையே கொன்ற அத்தீர்ப்பு நீதியானதன்று. எனினும், உடலைக் கைவிட்ட வெற்றியை அம்மக்கள் வெற்றியாக எண்ணவில்லை என்பது தெளிவு.

தமிழர் இதில் எந்நிலையில் நின்றனர்? ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் பட்ட வீரனுக்கு நடுகல் நாட்டி வழிபட்டது நம்மவரின் பழைய வழக்கம். கல்லைக் காண்டல் முதல் வாழ்த்துதல் வரை அதன் ஆறு நிலைகளையும் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. இவை புலவரின் கற்பனையே என்று ஐயுற்றோர்க்கு விடையாக, 2006ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுளொன்று கூடலூர் ஆநிரைப் பூசலில் இறந்துபட்ட தீயன் அந்தவன் என்பவனுக்காக எடுக்கப்பட்டது. இவன் அரசனல்லன், குறுநில மன்னனுமல்லன். மாட்டுப் பூசலில் மடிந்த ஓர் ஊரவன். இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தும் அவன் பெயரை நாம் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. இதனினும் வியப்புக்குரியது திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல். பல்லவ மகேந்திரவர்மன் காலத்ததான அக்கல்லில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாயின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. நன்றி மறவாத மக்கள் நாய்க்கும் பெயர் எழுதினர் என்றால், மனிதனை எண்ணாக்கிய பேரரசுகளைப் பற்றி நாம் என்ன சொல்வது!

ஊரளவிற் போர் நடந்த காலத்தில் பட்டவனை ஊரே அறியும். படை பெருகப் பெருக, போர்க்களம் ஊருக்குத் தூரமாகத் தூரமாக, பெயர் தேய்ந்து எண் வளர்ந்தது. இடைக்கால ஐரோப்பாவில் பிரபுக்களுக்கு மாத்திரமே பெயர் எஞ்சியது. 1415ஆம் ஆண்டு ஆஜின்கோட்டுப் போரைச் சேக்ஸ்பியர் நாடகமாக்கியபோது, தன் பக்கத்தில் இறந்தவரின் பட்டியலை ஆங்கில மன்னன் படிப்பதாக ஒரு காட்சி அமைத்தார். அதில் நால்வர்க்கே பெயருண்டு. மற்றையோர் இருபத்தைந்து பேர் என்னும் ஒரு தொகை மட்டுமே. ஐந்தாம் ஹென்றியைப் பாடநூலாகப் படித்த நம்மிற் பலர் அவ்விருபத்தைவரைப் பற்றி ஒரு கணமேனும் எண்ணியிருப்போமா என்பது ஐயமே.

நெப்போலியனின் உருசியப் படையெடுப்பு இவ்வவலத்தின் உச்சம் எனலாம். 1812ஆம் ஆண்டு கோடையில் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் திரட்டிய, நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட படையுடன் அவன் உருசியாவுக்குட் புகுந்தான். மார்கழிக் குளிரில் மீண்டு வந்தவர் ஒரு சிறு பகுதியினரே. வாளால் மாண்டவரிலும் பசியாலும் பனியாலும் காய்ச்சலாலும் மாண்டவரே மிகப் பலர். 2001ஆம் ஆண்டில் லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் கட்டட வேலைக்கு நிலத்தைத் தோண்டியவர்கள் மனித எலும்புகளைக் கண்டனர். அகழ்ந்து பார்த்தபோது மூவாயிரத்துக்கு மேற்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டன. ஒருவர் மேலொருவராகக் குழியில் இடப்பட்டிருந்தனர், பெரும்பாலோர் இளைஞர். உடையில் எஞ்சியிருந்த பித்தளைப் பொத்தான்களைக் கொண்டு, இன்னார் இன்ன படைப்பிரிவினர் என்று ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். பொத்தானுக்கு இலக்கமிருந்தது. அதை அணிந்தவனுக்குப் பெயரில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. அம்மாற்றத்தை உண்டாக்கியோர் மன்னரல்லர், தளபதிகளுமல்லர். 1859ஆம் ஆண்டு ஆனி மாதம் 24ஆந் திகதி இத்தாலியின் சொல்பெரினோவில் பெரும்போர் நடந்தது. வேறு அலுவலாக அவ்வழி வந்த ஹென்றி டூனான்ட் என்னும் சுவிஸ் வணிகர், காயமுற்ற ஆயிரக்கணக்கானோர் கவனிப்பாரற்றுக் கிடக்கக் கண்டார். அண்டையூர்ப் பெண்களைத் திரட்டிக்கொண்டு, இரு பக்கத்து வீரரையும் வேறுபாடின்றிப் பராமரித்தார். சாகுந் தறுவாயிலிருந்தோர் வீட்டாருக்குச் சொல்லியனுப்பிய செய்திகளையும் குறித்துக்கொண்டார். அவர் 1862இல் எழுதிய நூலே செஞ்சிலுவைச் சங்கத்துக்கும், 1864ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைக்கும் வித்தாயிற்று.

அதே காலத்தில் அமெரிக்காவின் உள்நாட்டுப் போரில் நிகழ்ந்த ஒரு செய்தி, இளைஞராகிய நாம் சிறப்பாக அறியவேண்டியது. தென்னகத்தார் ஜோர்ஜியா மாநிலத்து அண்டர்சன்வில்லில் 1864ஆம் ஆண்டு சிறைமுகாம் ஒன்றை அமைத்தனர். அங்கு அடைக்கப்பட்ட வட படையினர் ஏறத்தாழ 45,000 பேர். பதினான்கு மாதங்களுள் ஏறத்தாழ 13,000 பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். கைதிகளுள் டோரன்ஸ் அற்வாட்டர் என்னும் இளைஞன் ஒருவன் இருந்தான், பத்தொன்பதே வயதினன். எழுத்து நன்றாயிருந்தமையால், நாள்தோறும் இறப்போரின் பெயரைப் பதிவேட்டில் எழுதும் வேலை அவனுக்கு இடப்பட்டது. இப்பதிவேடு இறந்தவரின் வீட்டாரை ஒருநாளும் சென்றடையாது என்று அவன் அஞ்சினான். எனவே இரண்டாவது பிரதியொன்றை இரகசியமாக எழுதிவந்தான். விடுதலையானபோது தன் மேற்சட்டையின் உட்துணிக்குள் அதை மறைத்துக் கொண்டுவந்தான்.

போர் முடிந்தபின், காணாமற்போன வீரரைத் தேடிக் கண்டறியும் பணியைக் கிளாரா பார்ட்டன் என்னும் பெண்மணி மேற்கொண்டார். அவருடைய அலுவலகத்துக்கு 60,000க்கு மேற்பட்ட கடிதங்கள் வந்தன. 22,000 பேரளவில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று அவ்வலுவலகம் கண்டறிந்து வீட்டாருக்குச் சொல்லிற்று. 1865ஆம் ஆண்டு கோடையில் பார்ட்டன் அம்மையாரும் அற்வாட்டரும் அண்டர்சன்வில்லுக்குச் சென்றனர். அவ்விளைஞனின் பட்டியலின் துணையால் 13,000 கல்லறைகளில் ஏறத்தாழ 460 தவிர மற்றெல்லாவற்றுக்கும் பெயரிட முடிந்தது. இதற்கு அவன் பெற்ற பரிசு யாது? பட்டியல் யாருக்குச் சொந்தம் என்ற பிணக்கில் அவனுடைய சொந்த அரசாங்கமே அவனைக் களவுக் குற்றஞ்சாட்டிச் சிறையிலிட்டது. வெளிவந்ததும் 1866இல் அவன் பட்டியலை அச்சிட்டு எல்லோரும் காணச் செய்தான். மாண்டவரின் பெயரை எழுதுதல் ஆட்சியாளருக்கு எப்போதும் உவப்பான காரியமன்று என்பதை இங்கு நாம் காண்கிறோம்.

1914ஆம் ஆண்டு மூண்ட முதலாம் உலகப் போர் இலட்சக்கணக்கில் உயிர்களைக் குடித்தது. பீரங்கிக் குண்டு உடலையே உருத்தெரியாமற் சிதைத்துவிட்டமையால், மாண்டவனை அடையாளங் காண்பதே அரிதாயிற்று. ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்தார் யுத்தக் கைதிகளுக்கென ஒரு நிலையம் அமைத்து, பெயருக்கு ஓர் அட்டையாக 70 இலட்சம் அட்டைகளளவில் எழுதித் தொகுத்தனர். அங்கு ஊதியம் பெறாது தொண்டு செய்தோருள் ஒருவர் ரொமேன் ரோலண்ட். பிற்காலத்தில் இராமகிருஷ்ண பரமஹம்சர், விவேகானந்தர் ஆகியோரின் வரலாறுகளை எழுதி மேல்நாட்டாருக்கு அறிமுகஞ் செய்த அப்பேராசிரியரே, காணாமற்போன மகனைத் தேடும் தாய்மாரின் கடிதங்களுக்கு விடை எழுதிக்கொண்டிருந்தார். மனிதனிடத்து இறைவனைக் காண்பது எவ்வாறு என்பதை அவர் அவ்வேலையிலும் பயின்றிருப்பார் என எண்ணுவதில் தவறில்லை.

பிரித்தானியர் 1917ஆம் ஆண்டில் பேரரசுப் போர்க் கல்லறை ஆணைக்குழுவை நிறுவினர். அதற்கு மூலகாரணர் பேபியன் வெயர் என்பவர். அதன் கொள்கை அக்காலத்துக்குப் புதுமையானது. ஜெனரலுக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே அளவான கல். பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே வகைக் கல். உடல் கிடைக்காதவரின் பெயர் நினைவு மண்டபத்தில் பொறிக்கப்படும். பெல்ஜியத்தில் 1927இல் திறக்கப்பட்ட மெனின் வாயிலில் 54,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. பிரான்சில் 1932இல் திறக்கப்பட்ட தியெப்வால் மண்டபத்தில் 72,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இவையனைத்தும் உடல் அடையாளங் காணப்படாதவரின் பெயர்கள். நமது திருகோணமலையிலும் கண்டியிலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தவர்க்கெனச் சீராகப் பேணப்படும் கல்லறைகளும் இவ்வாணைக்குழுவின் பொறுப்பிலுள்ளனவே. அங்கு சென்றோர், கல் ஒவ்வொன்றிலும் பெயரும் வயதும் கண்டிருப்பர். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. நம் வயதே!

ஆனால் எல்லோருக்கும் சமம் என்ற அக்கொள்கை உண்மையில் எல்லோரையும் எட்டிற்றா? இல்லை. கிழக்காபிரிக்காவில் பிரித்தானியப் படைக்குச் சுமை தூக்கிய ஆபிரிக்கர் ஆயிரமாயிரமாக மடிந்தனர். நைரோபி, மொம்பாசா, தாருஸ்ஸலாம் நகரங்களில் அவர்களுக்குச் சிலைகள் வைக்கப்பட்டன, பெயர்கள் எழுதப்படவில்லை. 2021ஆம் ஆண்டில் அவ்வாணைக்குழு தானே அமர்த்திய விசாரணையின் அறிக்கையை வெளியிட்டது. ஆபிரிக்கரும் மத்திய கிழக்கு நாட்டவருமே பெரும்பாலராக, குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது எவ்வகையாலும் நினைவுகூரப்படவில்லை என்று அவ்வறிக்கை கூறிற்று. ஆணைக்குழு மன்னிப்புக் கோரியது. நூறாண்டுகள் கழிந்து கோரிய மன்னிப்பு. கேட்பதற்கு மாண்டவரின் மனைவியரோ மக்களோ உயிருடனில்லை.

தமிழர்க்கும் இவ்வவலத்தில் பங்குண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் நாட்டையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீற்றர் நீளமான இருப்புப் பாதையொன்றைக் காட்டினூடாக அமைத்தனர். அதில் வேலை செய்த நேசநாட்டு யுத்தக் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். மாண்டவர் 12,000க்கு மேற்பட்டோர். மலாயா, பர்மா, யாவா முதலிய நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளரோ அவர்களிலும் மிகப் பலர். அவர்களுள் மாண்டவர் தொகை 90,000 அளவினதென மதிப்பிடப்படுகிறது. மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அவர்களுள் ஒரு பெரும் பகுதியினர். கைதிகளிடையே மருத்துவரும் அதிகாரிகளும் இருந்தனர். இறந்தவரின் பெயரை அவர்கள் மறைவாக எழுதினர். எழுதிய தாள்களைக் கல்லறைகளுள்ளேயே புதைத்தும் காத்தனர். ஆகவேதான் காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறைகளில் அவர்களுடைய பெயர்களை இன்று படிக்க முடிகிறது. தமிழ்த் தொழிலாளியிடையே எழுதுவார் இருந்திலர். எழுதத் தாளுமில்லை, அனுமதியுமில்லை. வாந்திபேதியால் மாண்டவனைக் குழியிலிட்டு மூடிவிட்டு, மீந்தவன் மறுநாள் வேலைக்குச் சென்றான். ஒரே பாதை, ஒரே காய்ச்சல், ஒரே சாவு. எழுதினவர் இருந்த இடத்தில் பெயர் நின்றது. எழுதினவர் இல்லாத இடத்தில் எண் நின்றது. அந்த எண்ணும் மதிப்பீடே!

இதுகாறும் கூறியவற்றால் நாம் அறியும் உண்மை ஒன்றுண்டு. பெயர் தானாக நிலைப்பதில்லை. யாரேனும் ஒருவர், பெரும்பாலும் அதிகாரமற்ற ஒருவர், காலந்தாழ்த்தாது எழுதி வைத்தாலே அது நிலைக்கும். எழுதுவதனால் மாண்டவர் மீள்வரோ என்று கேட்பாருமுளர். மீளார். ஆயினும் எண்ணுக்கும் பெயருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. எண்ணைக் கூட்டலாம், குறைக்கலாம், மறுக்கலாம். பெயரைக் குறைக்க முடியாது. ஒரு பெயரை மறுக்க வேண்டுமாயின், அதற்குரிய தாயின் முகத்தைப் பார்த்து மறுக்க வேண்டும்.

பெயர் எழுதிக் கல் நாட்டுவது போரைப் புகழ்வதாகாதா என்றும் கேட்கலாம். இக்கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. ஏதென்ஸ் நகரில் பெரிக்கிளிஸ் நிகழ்த்திய புகழ்பெற்ற இரங்கலுரை, மாண்டவரைப் போற்றி இருந்தவரை மேலும் போருக்கு ஏவியது. தன் பக்கத்தவரின் பெயரை மட்டும் எழுதும் பட்டியல் அத்தகைய ஆபத்துடையது. அதற்கு மருந்து கங்கைக் கரையில் குந்தி சொன்ன சொல்லே. மறுபக்கத்தில் மடிந்தவனுக்கும் நீர் வார்க்க வேண்டும். பிரான்சின் வடபகுதியில் நோத்ர டாம் டி லொரெட் என்னுமிடத்தில் 2014ஆம் ஆண்டில் வட்டவடிவ நினைவுச் சின்னமொன்று திறக்கப்பட்டது. முதலாம் உலகப் போரில் அப்பகுதியில் மாண்ட ஏறத்தாழ 580,000 பேரின் பெயர்கள் அதிலுண்டு. பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர், ஜெர்மானியர், இந்தியர் யாவரும் நாடு, பதவி என்ற வேறுபாடின்றி அகரவரிசையிலே கலந்து நிற்கின்றனர். ஒருவரையொருவர் கொன்றோரின் பெயர்கள் அடுத்தடுத்து உள்ளன. அங்கு நின்று போரைப் புகழ எவருக்கும் நா எழாது.

இனி நமது நாட்டைப் பற்றிப் பேசாது விடுவோமாயின், இவ்வளவும் பேசியது வீணாகும். 1983 முதல் 2009 வரை இந்நாட்டில் போர் நடந்தது. மாண்டோர் தொகை பற்றி இன்றும் வாதம் ஓயவில்லை. ஒருவர் கூட்டுகிறார், மற்றவர் குறைக்கிறார். அரச படையினரின் பெயர்கள் பத்தரமுல்லையிலுள்ள நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. வடக்கிலும் கிழக்கிலும் மறுபக்கத்தில் மடிந்த இளைஞரின் துயிலும் இல்லங்களோ இடிக்கப்பட்டன. கல்லும் பெயரும் ஒருங்கே சிதைந்தன. இரு பக்கத்தும் சேராது, பதுங்குகுழியிலும் வீதியோரத்திலும் வைத்தியசாலையிலும் மாண்ட பொதுமக்களின் முழுமையான பெயர்ப்பட்டியல் எங்குமில்லை. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து 2018இல் தொழிற்படத் தொடங்கியது. 2017 தொடக்கம் கிளிநொச்சியிலும் பிற ஊர்களிலும் வெயிலிலும் மழையிலும் படங்களை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரத்தில் இருந்த தாய்மாருள், விடை காணாமலே கண்மூடியோர் பலர்.

2025ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் செம்மணியை அடுத்த சித்துப்பாத்தி இந்து மயானத்தில் கட்டட வேலைக்கு நிலத்தைத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்ந்தபோது இருநூறுக்கு மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் காணப்பட்டன. அவற்றிடையே பிள்ளையொன்றின் புத்தகப்பை ஒன்றும் இருந்தது. வில்னியஸ் நகரில் பொத்தான் இருந்தது. இங்கு புத்தகப்பை இருந்தது. இரண்டிடத்தும் பெயரில்லை.

சைவராகிய நமக்கு இது வெறும் வரலாற்றுப் பிரச்சினையன்று. ஆடி அமாவாசையில் கீரிமலையில் தீர்த்தமாடித் தந்தைக்கும், சித்திரா பௌர்ணமியில் தாய்க்கும் பிதிர்க்கடன் செய்வது நமது வழக்கம். பெயரையும் உறவையும் சொல்லியே நாம் எள்ளும் நீரும் இறைக்கிறோம். இறந்த திதி அறிந்தே ஆண்டுத் திவசம் செய்கிறோம். கணவன் இருக்கின்றானோ இறந்தானோ என்றறியாத பெண், நெற்றியில் குங்குமம் இடுவதா விடுவதா என்று அறியாது ஒவ்வொரு காலையிலும் கண்ணாடி முன் நிற்கிறாள். மகனுக்கு நீர் வார்த்தால் அவனை நாமே கொன்றதாகுமோ என்று அஞ்சித் தகப்பன் தீர்த்தக் கரையிலிருந்து திரும்பி வருகிறான். ஓர் இரவில் முடியும் சாவை இவ்வீடுகள் நாள்தோறும் சாகின்றன. உடலும் பெயரும் ஒன்றுசேரும்வரை அந்தச் சாவு முடிவதில்லை.

இத்துயர் தமிழருக்கு மட்டும் உரியதென எண்ணுவோமாயின் நாம் குந்தியின் சொல்லை மறந்தவராவோம். 1971இலும், 1987 தொடக்கம் 1989 வரையும் தெற்கிலே மறைந்துபோன சிங்கள இளைஞரின் தாய்மார் இதே படத்தை இதே மடியில் வைத்திருந்தனர். 1990ஆம் ஆண்டு காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த வேளையிற் கொல்லப்பட்டவர்க்கும் பெயருண்டு. எல்லைக் கிராமங்களில் உறக்கத்தில் வெட்டுண்ட ஏழைக் கமக்காரருக்கும் பெயருண்டு. நம் பட்டியல் நேர்மையானதாயின் அவர்கள் பெயரும் அதில் இருத்தல் வேண்டும். தன் பக்கத்தார் செய்த கொலையையும் எழுதத் துணிந்த கை எழுதும் பட்டியலையே பிறர் நம்புவர்.

ஆகவே, இளைஞராகிய நாம் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. அதற்குப் பெரும் பணமோ பதவியோ வேண்டியதில்லை. அண்டர்சன்வில் கைதியிடம் ஒரு பேனையும் தாளுமே இருந்தன. ஒவ்வோர் ஊரிலும் நம் சங்கத்தவர் இருவர் மூவராகச் சேர்ந்து, ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்லலாம். முதியோர் பலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். யார் யார், எந்த ஆண்டு, எவ்விடத்தில், எப்படி, கடைசியாகக் கண்டவர் யார் என்று அவர்களிடம் கேட்டு எழுதலாம். சொன்னவர் சொன்னபடி எழுத வேண்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஒரு பிரதி போதாது. இரண்டு எழுத வேண்டும். அம்முதியோர் ஆண்டுதோறும் ஒருவர் ஒருவராக மறைகின்றனர். அவர்களோடு அப்பெயர்களும் மறைகின்றன.

மாட்டுப் பூசலில் மடிந்த தீயன் அந்தவனின் பெயரை எழுதி வைத்தவர் யாரென நாம் அறியோம். அவர் செய்த காரியத்தை நாம் அறிவோம். அதையே நம் காலத்தில் நாம் செய்வோமாக.